தேமலா, வெண்புள்ளியா, தொழுநோயா?
பொதுவான தோல் நோய்களை அடையாளம் காண ஒரு பாடம்



மும்பையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோல் மருத்துவனாக இருந்து வருகிறேன். என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கத்தைப் பார்க்கிறேன். நெஞ்சு வலித்தாலும் காய்ச்சல் வந்தாலும் உடனே டாக்டரைத் தேடுகிறோம். தோலில் ஏதாவது வந்தால் மட்டும் முதலில் பாட்டியைக் கேட்கிறோம், பிறகு பக்கத்து வீட்டாரை, பிறகு மருந்துக் கடைக்காரரை. மூவரும் மூன்று பெயர் சொல்வார்கள். அம்மா 'தேமல்' என்பதைப் பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்மணி 'ஷிபே' என்பார். நாம் 'படர்தாமரை' என்பது இங்கே 'கஜகர்ண்', இந்திக்காரருக்கு 'தாத்'. நம் 'சொறி சிரங்கு' அவர்களுக்குக் 'கரூஜ்'. 'வெண்புள்ளி' என்பது 'கோட்' அல்லது 'சஃபேத் தாக்'. இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஒரு நோய்க்குரிய மருந்து இன்னொரு நோய்க்குப் போய்விடுகிறது.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களே மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்பது என் நோக்கமன்று. எதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, எதைக் கண்டால் நாள் கடத்தக்கூடாது என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும்.

பார்க்கும் முறை

தோலை நல்ல பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குழல் விளக்கின் கீழ் பார்த்தால் நிறம் மாறித் தெரியும். பார்க்கும்போது ஆறு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. உடம்பில் எந்த இடத்தில் வந்திருக்கிறது? ஒரு பக்கம் மட்டுமா, இரு பக்கமுமா?
2. நிறம் என்ன? வெளிறியிருக்கிறதா, பால் வெள்ளையா, கருமையா?
3. ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாக உள்ளதா, சுற்றுத் தோலோடு கலந்து மங்குகிறதா?
4. மேலே செதில் உண்டா? இலேசாகச் சுரண்டினால் மாவு போல் உதிர்கிறதா?
5. அரிப்பா, வலியா, அல்லது உணர்ச்சியே இல்லையா?
6. எத்தனை நாளாக இருக்கிறது? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். மேல்நாட்டுப் புத்தகங்களில் "சிவந்த தடிப்பு" என்று எழுதியிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் அதே தடிப்பு கரும்பழுப்பாகவோ ஊதா கலந்தோ தெரியும். சிவப்பு இல்லை என்பதால் அழற்சி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. தடவிப் பார்த்தால் அந்த இடம் சூடாகவோ தடித்தோ இருப்பது கைக்குத் தெரியும்.

வெளிறிய திட்டுகள் நான்கு

எங்கள் பகுதியில் நடக்கும் மருத்துவ முகாம்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதைப் பற்றித்தான். நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதலாவது தேமல். மார்பு, முதுகு, தோள், கழுத்து ஆகிய வியர்வை மிகுந்த இடங்களில் சிறு சிறு திட்டுகளாகத் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து பரவும். வெளிறியும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். நகத்தால் இலேசாகச் சுரண்டினால் நுண்ணிய தவிடு போல் உதிரும். இதுவே இதன் முத்திரை. அரிப்பு அதிகம் இராது. எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழும் மலசீசியா என்னும் ஒருவகைப் பூஞ்சை, புழுக்கத்தில் அளவு மீறிப் பெருகுவதால் இது வருகிறது. சுத்தக் குறைவால் வருவதன்று. மும்பை மழைக்காலத்தில் மீண்டும் மீண்டும் வருவதும் வியப்பன்று. பூஞ்சை மருந்தில் நன்றாகக் குணமாகும். ஆனால் பூஞ்சை போன பிறகும் பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று பலர் கடை மாற்றிக் கடை போவது இந்த இடைக்காலத்தில்தான்.

இரண்டாவது, குழந்தைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டு. ஓரம் மங்கலாக இருக்கும். மேலே மெல்லிய வறட்டுச் செதில் இருக்கும். "வயிற்றில் பூச்சி" என்று நம் வீடுகளில் சொல்லும் திட்டு இதுதான். வயிற்றுப் புழுவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இது தோல் வறட்சியோடு சேர்ந்த மெல்லிய கரப்பான். கடுமையான சோப்பைத் தவிர்த்து, குளித்த ஈரம் காயும் முன் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவி வந்தால் நாளடைவில் சரியாகும்.

மூன்றாவது வெண்புள்ளி. இது வெளிறல் அன்று. பால் போன்ற முழு வெள்ளை. ஓரம் தெளிவாக இருக்கும். செதில் கிடையாது, அரிப்பு பெரும்பாலும் கிடையாது, உணர்ச்சி முழுமையாக இருக்கும். உதடு, விரல் நுனி, கண்ணைச் சுற்றி, முழங்கால் ஆகிய இடங்களில் அதிகம் வரும். அவ்விடத்து முடியும் சில வேளை நரைக்கும். தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது இது. தொட்டால் ஒட்டாது, கூட உண்டாலும் ஒட்டாது. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. இதை 'வெண்குஷ்டம்' என்று சொல்லும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். குஷ்டத்துக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. அந்த ஒரு சொல்லால் வரன் தட்டிப்போன பெண்கள் எத்தனையோ பேர்.

பெண்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒட்டும் பொட்டின் பசையில் உள்ள சில இரசாயனங்கள், பொட்டு வைக்கும் அதே இடத்தில் வெள்ளைத் தழும்பை உண்டாக்கக்கூடும். ரப்பர்ச் செருப்பின் வார் படும் இடத்திலும் இப்படி வருவதுண்டு. தழும்பின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். அந்தப் பொருளை உடனே நிறுத்த வேண்டும்.

நான்காவது தொழுநோயின் தொடக்கத் திட்டு. இது முழு வெள்ளையாக இராது. சுற்றுத் தோலைவிடச் சற்று வெளிறியோ, செம்பு நிறம் கலந்தோ இருக்கும். அரிக்காது, வலிக்காது. அதனால்தான் கவனத்துக்கு வருவதில்லை. அந்த இடத்தில் வியர்வை குறையும், முடி உதிரும், உணர்ச்சி மங்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பஞ்சை மெல்லிய திரி போல் முறுக்கிக்கொள்ளுங்கள். முதலில் நல்ல தோலில் தொட்டு, எப்படி இருக்கும் என்று அவருக்குப் புரிய வையுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேலும் நல்ல தோலிலும் மாற்றி மாற்றித் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். திட்டின் மேல் தொட்டது தெரியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உணர்ச்சி இருந்துவிட்டதால் தொழுநோய் இல்லவே இல்லை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முகத்துத் திட்டில் உணர்ச்சி மங்குவது எளிதில் தெரியாது. திட்டு நீடித்தால் எப்படியும் காட்ட வேண்டும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாட்டுங்காப் பக்கம் ஓர் உணவு விடுதியில் அடுப்படி வேலை பார்த்த திருநெல்வேலி இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய திட்டு. இரண்டு ஆண்டுகளாகத் தேமல் களிம்பு தடவி வந்திருக்கிறார். அவர் வந்தது அதற்காக அன்று. கையில் அடிக்கடி சூட்டுக் கொப்புளம் வருகிறதாம். "சட்டி சுடுறது எனக்குத் தெரியவே மாட்டேங்குது சார்" என்றார். முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு கயிறு போல் தடித்திருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கியிருந்தன. நோயின் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி கல்யாணம் நின்னுடுமா?" என்பது. மருந்தை ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டார். நோய் முற்றாகக் குணமாயிற்று. தங்கையின் திருமணமும் நடந்தது. ஆனால் அந்த இரு விரல்களின் பலம் முழுவதும் திரும்பவில்லை. இரண்டு ஆண்டு முன்னால் ஒருவர் பஞ்சால் தொட்டுப் பார்த்திருந்தால் அந்த விரல்கள் பிழைத்திருக்கும்.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்டுபிடித்தார். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருத்துவத்தை 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்து உண்டால் குணமாகும். அரசு மருத்துவமனைகளிலும் நகராட்சி மருத்துவமனைகளிலும் இந்த மருந்து இலவசம். இங்கே வடாலாவில் 1890-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை பலருக்கும் தெரிந்திருக்கும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குப் பரவும் தன்மை போய்விடுகிறது. யாரையும் வீட்டை விட்டு ஒதுக்க வேண்டியதில்லை. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்க இடமளித்த சட்டப் பிரிவுகளும் 2019-இல் நீக்கப்பட்டுவிட்டன.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நம் நாடு 2005 டிசம்பரில் எட்டியது. அதைக் கேட்டு நோயே ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களே.

வளையமாக வருவது

படர்தாமரை வட்டமாகத் தொடங்கி வெளியே விரியும். ஓரம் சற்றே உயர்ந்து, செதிலும் சிறு பருக்களுமாக இருக்கும். நடுப்பகுதி தெளிந்து வரும். தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள், மார்புக்குக் கீழ் ஆகிய ஈரம் தங்கும் இடங்களில் அதிகம். அரிப்பு கடுமையாக இருக்கும். ஒரே துண்டு, ஒரே படுக்கை விரிப்பு இவற்றால் குடும்பத்துக்குள் பரவும்.

என் தொழிலின் தொடக்க காலத்தில் இரண்டு மூன்று வாரக் களிம்பில் மறைந்த நோய் இது. இப்போது அப்படியில்லை. வழக்கமான மாத்திரைக்குக் கட்டுப்படாத புதிய பூஞ்சையினம் ஒன்று நாடெங்கும் பரவியுள்ளது. அதற்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டை ஒட்டியே பெயர் சூட்டியிருக்கிறார்கள். நிலைமை இப்படி முற்றியதில், மருந்துக் கடைகளில் கேட்ட மாத்திரத்தில் கிடைத்து வந்த கலவைக் களிம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி, இவற்றோடு வீரியமான ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் ஒரே குழாயில் இருக்கும்.

ஸ்டீராய்டு செய்யும் மாயம் இதுதான். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். நோயாளி மகிழ்வார். ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தி அடங்கிவிடுவதால் பூஞ்சை தங்கு தடையின்றிப் பரவும். தெளிவான ஓரம் மழுங்கிவிடும். வளையத்துக்குள் வளையம் தோன்றும். மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். நாள்பட்டால் தோல் மெலிந்து, தொடையில் கிழிந்தது போன்ற கோடுகள் விழும். அந்தக் கோடுகள் முழுதாக மறைவதில்லை. இதே களிம்பை நிறம் கூட்டுவதற்காக முகத்தில் பூசும் பெண்களுக்கு முகம் எரியும், பரு வெடிக்கும், தேவையற்ற முடி வளரும்.

உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள குழாயை எடுத்துப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை 2018-இல் அரசு மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சொன்ன நோய்க்கு, சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை பூசினால் அது நல்ல மருந்தே. நாமாகப் பூசினால்தான் வினை.

இரவில் அரிப்பது

பகலில் சும்மா இருந்து, படுக்கையில் படுத்ததும் அரிக்கிறது. வீட்டில் இன்னும் இருவருக்கு அரிக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் முதலில் சொறி சிரங்கை நினையுங்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் காணும். அரை மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத ஓர் உண்ணிப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதே காரணம். முதல் முறை ஒட்டியவருக்கு அரிப்பு தொடங்க 2 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே அரிப்பு இல்லாதவரிடமும் பூச்சி இருக்கலாம்.

பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு நல்ல மருந்து. அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினால் பயனில்லை. கழுத்து முதல் உள்ளங்கால் வரை, நகத்தடி உட்படப் பூசி, இரவு முழுதும் வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறை. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும். துணிகளையும் விரிப்புகளையும் அன்றே வெந்நீரில் துவைத்துக் காய வையுங்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும்.

செதிலும் கரப்பானும்

சோரியாசிஸ் என்னும் செதில் படையில் முழங்கை, முழங்கால், தலை, கீழ்முதுகு ஆகிய இடங்களில் தடித்த திட்டுகள் இருக்கும். ஓரம் தெளிவு, மேலே வெள்ளி நிறச் செதில் அடுக்கடுக்காக உதிரும். நகங்களில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் காணலாம். காலையில் விரல் மூட்டு வலித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்நோய் மூட்டையும் தாக்கும். இது தொற்றாது.

கரப்பானில் ஓரம் மங்கலாக இருக்கும், அரிப்பு முன் நிற்கும், நீர் கசியலாம். வெளிப்பொருள் ஒவ்வாமையால் வருவது ஒரு வகை. கவரிங் நகை, கடிகாரப் பட்டி, தலைச்சாயம் ஆகியவை பட்ட இடத்திலேயே இது தெரியும். நடைப்பயிற்சி செல்லும் பெரியவர்களுக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் கறுத்துத் தடித்தால் பார்த்தீனியம் செடியை நினைக்க வேண்டும். 1950-களில் பூனாவில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தக் களையை மராட்டியர் 'காஜர் கவத்' என்பார்கள்.

அக்கி

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போல், நீர்க் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக வருவது அக்கி. கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சலும் வலியும் இருக்கும். சிறு வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து விழித்துக்கொள்வதே இது. இங்கே இதற்கு 'நாகீண்' என்று பெயர். பாம்பின் தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போகும் என்று பயமுறுத்துவார்கள். அதில் உண்மையில்லை. நம் ஊரில் குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்வார்கள். பூச்சு குளிர்ச்சியாக இருக்கும். கிருமியை அது ஒன்றும் செய்யாது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நோயின் கடுமை குறையும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கு ஆபத்து. அன்றே கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

அழுக்கு அல்லாத கருமை

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட் துணி போல் தடித்திருந்தால் அதை அழுக்கு என்று தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் இது. பருமனான பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன். களிம்பு வாங்குவதற்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். எடை குறைந்தால் கருமையும் குறையும்.

உடனே செல்ல வேண்டியவை

• தடிப்போடு உதடு, நாக்கு வீங்குதல், மூச்சுத் திணறல்.
• காய்ச்சலோடு, கண்ணாடித் தம்ளரால் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள்.
• புதிய மருந்து சாப்பிட்ட பின் வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல்.
• ஒரு மாதமாகியும் ஆறாத புண். நிறமோ வடிவமோ மாறி வளரும் மச்சம். நம்மவர்க்கு உள்ளங்காலையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி

கீழ்க்கண்டவை என்ன? விடையைப் பார்க்குமுன் யோசியுங்கள்.

1. கல்லூரி மாணவர்; முதுகில் வெளிறிய சிறு திட்டுகள்; சுரண்டினால் தவிடு போல் உதிர்கிறது.
2. பாட்டி, மருமகள், பேரன் மூவருக்கும் இரவில் அரிப்பு.
3. நாற்பது வயதுக்காரர், முதுகில் வெளிறிய திட்டு, அரிப்பில்லை, பஞ்சு பட்டது தெரியவில்லை.
4. இடுப்பில் வளையம், கலவைக் களிம்பு பூசினால் அடங்குகிறது, விட்டால் பரவுகிறது.

விடைகள்: 1. தேமல். 2. சொறி சிரங்கு; மூவரோடு வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து. 3. தொழுநோய் என்று ஐயுற்று உடனே காட்ட வேண்டும். 4. ஸ்டீராய்டால் உருமாறிய படர்தாமரை.

மூன்றாவது கேள்விக்குச் சரியாக விடை சொன்னவர்கள் இன்றைக்கே வீட்டில் உள்ளவர்களின் முதுகை ஒருமுறை பாருங்கள். தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. தனியாக அறையெடுத்துத் தங்கி வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் உங்கள் கட்டிடத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கும் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.